பால்வண்டி போன தெருக்கள்: ஷான் கானரியின் ஊரில் ஏழு நாட்கள்

முதல் நாள்: ஃபவுண்டன்பிரிட்ஜ்

விமான நிலையத்தில் டிராம் ஏறி ஹேமார்க்கெட்டில் இறங்கியபோது மாலை ஆறு மணி. மே மாதக் கடைசி என்பதால் வெயில் அடங்க இன்னும் மூன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எடின்பரோவில் நான் தங்குவது கில்மோர் பிளேஸ் என்ற தெருவில், பழைய கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில். லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது படிகளை எண்ணினேன், 64. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். "மெதுவா வாங்க, இந்தப் படிக்கட்டுக்கு அவசரம் ஆகாது" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

பெட்டியை வைத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டேன். இங்கிருந்து ஃபவுண்டன்பிரிட்ஜ் ஐந்து நிமிட நடைதான். 1930 ஆகஸ்ட் 25 அன்று ஜோசப் கானரிக்கும் யூஃபெமியாவுக்கும் மூத்த பிள்ளை பிறந்தது அங்கேதான். தாமஸ் ஷான் கானரி என்று பெயர், பின்னாளில் சினிமாவின் முதல் ஜேம்ஸ் பாண்ட். கதவு எண் 176. இரண்டு அறை வீடு, வெந்நீர் கிடையாது, கழிப்பறை பக்கத்துக் குடும்பங்களோடு பொது. தொட்டில் வாங்க வழியில்லாமல் அலமாரியின் அடி இழுப்பறையில் குழந்தையைக் கிடத்தித் தூங்கவைத்தார்கள். அப்பாவுக்கு ரப்பர் ஆலையில் கூலி வேலை, அம்மாவுக்கு வீடு வீடாகச் சுத்தம் செய்யும் வேலை.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. எப்போதோ இடித்துவிட்டார்கள். சுற்றிலும் கண்ணாடி அலுவலகங்கள், மாணவர் விடுதிகள். இங்கே பிறந்தார் என்று சொல்லும் ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஊர் என்று எதைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேனோ அது காற்றில் கரைந்து போயிருந்தது.

ஆனால் ஆலை இருக்கிறது. நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியின் காஸில் மில்ஸ் கட்டடத்தில் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்து, 2019 முதல் அச்சு ஓவியக் கூடமாக நடத்துகிறார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடி ரப்பர் பூட்ஸ் போனது இந்த ஆலையிலிருந்து. எதிரே பீர் ஆலை இருந்த இடத்தில் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளி. ஒருபக்கம் ரப்பர் வேகும் நாற்றம், மறுபக்கம் பார்லி ஊறும் வாசனை. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்திருக்கிறான் அந்தப் பையன்.

நம் ஊரில் ஜெய்சங்கருக்கு 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பட்டம் கொடுத்தோம். துப்பாக்கி, கோட்டு சூட்டு, ஒரு புருவத்தை உயர்த்தும் பார்வை எல்லாம் நமக்குப் பாண்டிடமிருந்து வந்தவை. அந்தப் பாண்டை முதன்முதலில் சினிமாவில் நடந்து காட்டியவர் எங்கிருந்து நடக்க ஆரம்பித்தார் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இரண்டாம் நாள்: விடியற்காலை நடை

அதிகாலை நாலு மணிக்கு எழுந்துவிட்டேன். பால்காரப் பையனின் ஊரை வேறு எந்த நேரத்தில் பார்ப்பது?

ஒன்பது வயதிலிருந்தே பள்ளிக்குப் போகுமுன் பால் போடுவது அவனுக்கு வழக்கம். பதின்மூன்று வயதில் படிப்பை விட்டாயிற்று. 1944இல் செயின்ட் கத்பர்ட்ஸ் கூட்டுறவுச் சங்கத்தின் பால் பிரிவில் வேலை. முதலில் தள்ளுவண்டி, பிறகு குதிரை வண்டி. டிச் என்ற அந்தக் குதிரையின் மேல் அவனுக்கு உயிர். இந்த ஊரில் குதிரை வண்டியில் பால் போனது 1985 வரைக்கும் நடந்திருக்கிறது. நேற்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டபோது, "குளம்புச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம்" என்றார்.

ஃபவுண்டன்பிரிட்ஜிலிருந்து வடக்கே நடந்தேன். தெருவில் யாரும் இல்லை. கடற்பறவைகள் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் ஊர் மாறிவிடுகிறது. புகை படிந்த நெருக்கமான கட்டடங்கள் போய் அகலமான தெருக்கள், பிறை வடிவத்தில் வளைந்து நிற்கும் மாளிகைகள், பூட்டிய தோட்டங்கள். டீன் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆழத்தில் ஆறு சலசலக்கிறது. பாலத்தைத் தாண்டி இறங்கி ஏறினால் தூரத்தில் கோபுரம் தெரிகிறது. ஃபெட்டிஸ் கல்லூரி.

1870இல் திறந்த பெரிய இடத்துப் பள்ளிக்கூடம் அது. கூரான கோபுரமும் செதுக்கிய கல்லுமாக, பார்க்க ஒரு பிரெஞ்சுக் கோட்டை போலிருக்கிறது. பிரதமராக இருந்த டோனி பிளேர் இங்கே படித்தவர். இன்னொரு பழைய மாணவர் கதையில் வருகிறவர், ஜேம்ஸ் பாண்ட். ஈட்டன் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பாண்டை இங்கே கொண்டுவந்து சேர்த்ததாக 1964இல் வந்த நாவலில், பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் எழுதினார். அதே நாவலில்தான் பாண்டின் அப்பா கிளென்கோ பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர் என்று வருகிறது. அதற்குள் கானரி நடித்த இரண்டு படங்கள் வெளியாகியிருந்தன. ஃபிளெமிங் முதலில் கானரியை ஏற்கவில்லை. தன் நாயகன் இவ்வளவு முரட்டு ஆளாக இருக்கமாட்டான் என்று நினைத்தார். படம் பார்த்தபின் மனம் மாறியது. ஸ்காட்லாந்து வம்சம் சேர்ந்தது கானரியால்தான் என்று பலர் சொல்கிறார்கள். ஃபிளெமிங்கின் தாத்தாவும் டண்டீ ஊரிலிருந்து கிளம்பிப் போனவர்தான் என்பதால் அதை மட்டுமே காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று உறுதி. பாண்ட் படித்ததாகச் சொல்லப்படும் இந்தப் பள்ளிக்குப் பாண்டாக நடித்தவர் பால் போட்டிருக்கிறார். முன்வாசல் வழியாக அல்ல.

கம்பி வேலிக்கு வெளியே நின்று மணி பார்த்தேன். வேகமாக நடந்தும் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெறுங்கையோடு எனக்கே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கண்ணாடிப் பாட்டில்கள் நிறைந்த வண்டி, கல் பாவிய சறுக்குத் தெரு, ஜனவரி மாத இருட்டு என்று நினைத்துப் பார்த்தால் பதின்மூன்று வயதுப் பையனின் தோளும் தொடையும் எப்படி இறுகியிருக்கும்!

பிற்காலத்தில் அவரே சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. திரைப்பட விழாவுக்காக எடின்பரோ வந்தவர் டாக்சியில் போகும்போது ஒவ்வொரு தெருப் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். டிரைவருக்கு ஆச்சரியம், எப்படித் தெரியும் என்று கேட்டார். இங்கெல்லாம் பால் போட்டிருக்கிறேன் என்றார் கானரி. அப்படியா, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம் டிரைவர். அதற்குத்தான் பதில் சொல்லத் தடுமாறினேன் என்பார்.

மூன்றாம் நாள்: அசையாமல் நிற்பது

காலையில் லாரிஸ்டன் பிளேஸில் உள்ள எடின்பரோ ஓவியக் கல்லூரி. உள்ளே சிற்பக் கூடத்தில் கிரேக்கச் சிலைகளின் வெள்ளைப் பிளாஸ்டர் வார்ப்புகள் வரிசையாக நிற்கின்றன. மேலேயிருந்து வெளிச்சம் கொட்டுகிறது.

இந்தக் கல்லூரிக்கு ஏன் வந்தேன் என்று சொல்லவேண்டும். பதினாறு வயதில் கானரி கடற்படையில் சேர்ந்தார். கையில் இரண்டு பச்சை குத்திக்கொண்டார். ஒன்று அம்மா அப்பாவுக்கு, இன்னொன்று 'ஸ்காட்லாந்து என்றென்றும்'. பத்தொன்பது வயதில் குடல் புண் வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். லாரி ஓட்டினார், மண் சுமந்தார், சவப்பெட்டிக்கு மெருகு போட்டார். இந்தக் கல்லூரியில் மாணவர்கள் வரைவதற்கு மாடலாக நின்றார். அப்போது இங்கே மாணவராக இருந்து, பின்னாளில் எடின்பரோ கலை உலகில் பெரிய பெயரான ரிச்சர்ட் டிமார்கோ, அந்த இளைஞனின் கூச்சத்தையும் சிலைபோன்ற அழகையும் வாய் ஓயாமல் சொல்வார்.

அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று இன்று செய்து பார்த்தேன். கூடத்தின் மூலையில் ஒரு காலில் எடையைப் போட்டு, கையைத் தொங்கவிட்டு, ஒரு சிலையின் நிலையிலேயே நின்றேன். நாலு நிமிடத்தில் இடுப்பு கெஞ்சியது. ஆறாவது நிமிடத்தில் முழங்கால் தானாக நடுங்கத் தொடங்கியது. மாடல்கள் முக்கால் மணி நேரம் அப்படி நிற்பார்கள். எந்தத் தசை எதைத் தாங்குகிறது, மூச்சை எங்கே வைக்கவேண்டும், இருபது பேர் உற்றுப் பார்க்கும்போது முகத்தை என்ன செய்வது. இதையெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறார் அவர். கேமராவுக்கு முன்னால் அவர் ஒன்றும் செய்யாமல் நிற்கும் காட்சிகள் நினைவிருக்கிறதா? மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நம் கண் அவர் மேலேயே இருக்கும்.

மத்தியானம் 26ஆம் எண் பஸ்ஸில் போர்டொபெல்லோ. நீளமான மணல் கடற்கரை, ஓரமாக நடைபாதை. இங்கே 1936இல் திறந்த ஒரு திறந்தவெளிக் கடல்நீர்க் குளம் இருந்தது. பக்கத்து மின் நிலையத்தின் சூட்டில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, எந்திரத்தால் அலை எழுப்புவார்கள். அதில் உயிர்காப்பாளராக நின்றவர் நம்மவர். மின் நிலையம் போனதும் 1979இல் குளத்தை மூடி, பின்னர் இடித்தும் விட்டார்கள். இப்போது அங்கே ஐவர் கால்பந்து மைதானங்கள்.

நடைபாதை பெஞ்சில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வறுவல் தின்றேன். இந்த ஊரில் அதன்மேல் உப்பும், வினிகர் கலந்த பழுப்பு நிற சாஸும் ஊற்றித் தருகிறார்கள். புளிக்குழம்பு பட்ட அப்பளம் மாதிரி ஒரு சுவை. குளத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அலை வரப்போகுதுன்னா ஒரு சங்கு ஊதுவாங்க. அத்தனை பிள்ளைகளும் ஆழமான பக்கம் ஓடுவோம்" என்றார்.

"கானரியைப் பார்த்திருக்கீங்களா?"

"நான் ரொம்பச் சின்னவன். எங்க அண்ணன் பார்த்திருக்கான். அப்போ அவர் கானரி இல்லை, பிக் டாம்."

தாமஸ் என்ற பெயர் இங்கே 'டாம்' ஆகிவிடுகிறது, பெரிய டாம். இந்த ஊர்க்காரர்கள் கடைசிவரை அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான்காம் நாள்: கோவன்

காலை ரயிலில் கிளாஸ்கோ. ஐம்பது நிமிடம். பாதையோரக் கால்பந்து மைதானங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முடிவு நினைவுக்கு வந்தது. பானிரிக் ரோஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஆடியவர் கானரி. உடற்பயிற்சிப் போட்டி, மிஸ்டர் யுனிவர்ஸ் என்று லண்டன் போனவருக்கு ஓர் இசை நாடகத்தின் பின்னணிக் கூட்டத்தில் இடம் கிடைத்தது. ஊர் ஊராகப் போகும்போது மான்செஸ்டரில் நாடகக் குழுவினரின் பந்தாட்டத்தைப் பார்த்த மேட் பஸ்பி, வாரம் 25 பவுண்டுக்கு ஆட வரச் சொன்னார். மான்செஸ்டர் யுனைடெட்டின் பஸ்பி! முப்பது வயதில் பந்தாட்டக்காரனின் வாழ்க்கை முடிந்துவிடும், எனக்கு இப்போதே இருபத்து மூன்று என்று கணக்குப் போட்டு, நடிகனாவேன் என்று தீர்மானித்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் கூட நடித்த ராபர்ட் ஹெண்டர்சன் என்ற மூத்த நடிகர் படிக்கவேண்டிய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். டால்ஸ்டாய், இப்சன், ஷா, ஜாய்ஸ், புரூஸ்ட். பதின்மூன்றில் பள்ளியை விட்டவர், போகும் ஊரிலெல்லாம் பொது நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்தார். பாண்ட் வேடம் கிடைத்ததைவிட இந்தப் பட்டியல் கிடைத்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டம் என்பேன்.

கிளாஸ்கோவில் 1896இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் இருக்கிறது. பதினைந்தே நிலையங்கள், ஒரே வட்டம். கோவனில் இறங்கினேன். கிளைட் ஆற்றங்கரையில் ஃபேர்ஃபீல்ட் கப்பல் கட்டும் தளம். உள்ளே போர்க்கப்பல் வேலை இன்னும் நடக்கிறது. பழைய அலுவலகக் கட்டடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு உருவங்கள், ஒரு கப்பல் தச்சரும் ஓர் எந்திரப் பொறியாளரும்.

பாண்ட் நடிகருக்கும் இந்தத் தளத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. அவர் இயக்கிய ஒரே படம் இங்கே எடுத்தது. 1967, ஐந்தாவது பாண்ட் படம் வந்த ஆண்டு. உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட நடிகர்களில் ஒருவர். அப்போது ஸ்காட்டிஷ் தொலைக்காட்சிக்காகக் கருப்பு வெள்ளையில் ஒரு ஆவணப்படம் எடுத்தார். தலைப்பில் இரண்டு தொப்பிகள் வரும். உருண்டைத் தொப்பி மேஸ்திரிகளும் நிர்வாகமும் போடுவது. 'பன்னட்' என்ற தட்டைத் தொப்பி தொழிலாளி போடுவது. 1965இல் இந்தத் தளம் கடனில் மூழ்கியது. சர் இயான் ஸ்டுவர்ட் என்ற தொழிலதிபர் முன்வந்து, அரசாங்கப் பணம், தனியார் பணம், தொழிற்சங்கங்களின் பணம் மூன்றையும் சேர்த்து நடத்திப் பார்த்தார். அதுவரை, பலகையில் துளை போடுவது ஒரு சங்கத்தின் வேலை, அதில் ஆணி அடிப்பது வேறு சங்கத்தின் வேலை என்று வரப்புச் சண்டை. நிர்வாகமோ தொழிலாளியின் முகம் பார்த்துப் பேசியதில்லை. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தளம் பிழைக்கும் என்பதைச் செய்து காட்டினார்கள்.

அந்தப் படத்தில் கானரி ஆளில்லாத பெரிய கொட்டகைக்குள் சைக்கிள் ஓட்டிக்கொண்டே பேசுவார். தலையில் தொப்பி. பேச்சில் மெருகு கிடையாது. அப்பாவின் ஆலைப் பேச்சு. பாண்ட் படங்கள் எல்லாவற்றையும்விட அந்தச் சைக்கிள் காட்சிதான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது. தளத்தின் அந்தக் கூட்டு முயற்சி நீடிக்கவில்லை. 1968இல் பல தளங்களை இணைத்துப் பெரிய கம்பெனியாக்கினார்கள். 1971இல் அதுவும் விழுந்தது. அப்போது ஜிம்மி ரீட் தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு மாறாக, தளத்துக்குள் புகுந்து வேலையைத் தொடர்ந்து செய்தார்கள்.

அதே 1971இல் பாண்டாகத் திரும்பி வரக் கானரிக்குப் பேசிய சம்பளம் 12.5 லட்சம் டாலர். அன்றைக்கு அது நம்பமுடியாத தொகை. அதை அப்படியே ஸ்காட்லாந்து இளைஞர்களின் படிப்புக்கும் கலைக்கும் உதவும் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். கார் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டுவர்ட்டும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்றும் அது உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பன்னட் ஒன்று இருந்தது. உள்விளிம்பில் வியர்வை படிந்து தோல் கருத்துப் போயிருந்தது. அதன் முன்னாலிருந்து நகர மனமே வரவில்லை.

ஐந்தாம் நாள்: மேற்கே

முழுக்கப் பஸ் பயணம். கிளாஸ்கோவிலிருந்து லாக் லோமண்ட் ஏரியை ஒட்டி, மலைக் கணவாய் ஏறி, இன்வெரேரி வழியாக லாக்கில்ப்ஹெட். மழை. ஜன்னலுக்கு வெளியே ஈரமான பச்சை, ஆடுகள், அருவிகள்.

டிரைவர் பேசியது பாதி புரியவில்லை. சொல்லில் 'ஸ' வரும் இடமெல்லாம் 'ஷ'வாகக் கசிகிறதோ என்று காது கொடுத்துக் கேட்டேன்; இல்லை. அது கானரிக்கே உரிய கசிவு. அந்தக் குரலை அவர் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. 1975இல் மொராக்கோவின் பெர்பர் தலைவராக நடித்தார், 1986இல் எகிப்தில் பிறந்த ஸ்பானியராக, 1987இல் சிகாகோவின் ஐரிஷ் போலீஸ்காரராக, 1990இல் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாக. எல்லாரும் ஃபவுண்டன்பிரிட்ஜ் பேச்சுதான் பேசினார்கள். இதை வைத்துக் கேலி செய்தவர்கள் நிறைய. ஆனால் அந்த ஐரிஷ் போலீஸ்காரருக்குத்தான் 1988இல் ஆஸ்கார் கிடைத்தது. அரங்கமே எழுந்து நின்றது. நம் சிவாஜியின் குரலை மறைத்துக்கொண்டு நடிக்கச் சொல்வோமா? குரல்தானே ஆள்.

ஆறாம் நாள்: கிரினன்

மழை விட்டுவிட்டது. லாக்கில்ப்ஹெட்டிலிருந்து கிரினன் கால்வாயின் கரையோரமாகவே நடந்தேன். 1801இல் திறந்த கால்வாய். 14 கிலோமீட்டருக்குள் பதினைந்து மதகுகள். பாய்மரப் படகு ஒன்று மதகுக்குள் நுழைந்ததும், இரண்டு பெண்கள் நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளிக் கதவை மூடினார்கள். தண்ணீர் மட்டம் உயர உயர, படகு லிஃப்டில் ஏறுவதுபோல மெதுவாக மேலே வந்தது.

இரண்டாவது பாண்ட் படத்தின் படகுத் துரத்தலை இந்தக் கடலோரத்தில், 1963 கோடையில் எடுத்தார்கள். கதைப்படி அது ஏட்ரியாடிக் கடல். முதலில் துருக்கியில் எடுக்கப் பார்த்து, படகுகளும் வானிலையும் ஒத்துழைக்காததால் இங்கே வந்தார்கள். கானரியை ஹெலிகாப்டர் விரட்டும் காட்சியும் இந்தப் பக்கத்துக் குன்றுகளில்தான். அவர் குனிந்து ஓடும்போது ஹெலிகாப்டர் ஆபத்தான உயரத்துக்குத் தாழ்ந்து வந்துவிட்டது என்று சொல்வார்கள். இயக்குநர் டேரன்ஸ் யங் இடம் பார்க்கப் போன ஹெலிகாப்டர் தண்ணீரிலேயே விழுந்தது. எப்படியோ நீந்தி வெளியே வந்தவர், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சீக்கிரமே கேமரா பக்கம் திரும்பிவிட்டார்.

யங் முக்கியமானவர். பால்காரரை உளவாளியாக்கியதில் பாதி அவர் வேலை. முதல் படத்துக்கு முன் கானரியைத் தன் தையல்காரர் ஆன்டனி சின்க்ளேரிடம் அழைத்துப்போய் சூட் தைத்துக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னார். உடை தோல்போல ஆகவேண்டும் என்று. மீதிப் பாதி கானரியே லண்டனில் சம்பாதித்துக்கொண்டது. யாட் மாம்கிரென் என்ற ஸ்வீடன் நடனக்காரரிடம் வருடக்கணக்கில் உடலசைவு பயின்றார். பாண்ட் படத் தயாரிப்பாளர்கள் பிராக்கலியும் சால்ட்ஸ்மனும் அவரைப் பேசி அனுப்பிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார்கள். தெருவைக் கடந்து அவர் நடந்துபோன விதத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். 1962 அக்டோபர் 5 அன்று அந்தப் படம் லண்டனில் வெளியானது.

ஜன்னலிலிருந்து அவர்கள் பார்த்த நடையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கால்வாய்க் கரையில் யோசித்துக்கொண்டே போனேன். பால் பாட்டில் உடையாமல் சறுக்குக் கல்லில் வைத்த கால். கப்பல் தளத்தில் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்த கால். மாடலாக நின்று ஒவ்வொரு தசையையும் அறிந்த கால். அதற்குமேல் நடனக்காரர் தொட்டுத் திருத்திய கால்.

அந்தக் கால் எதுவரை போகும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு படத்தைச் சொல்வேன்: சிட்னி லூமெட் இயக்கி 1965இல் வந்த 'தி ஹில்'. வட ஆப்பிரிக்கப் பாலையில் ஒரு ராணுவச் சிறை. நடுவில் மணலைக் குவித்துச் செய்த குன்று. தண்டனைக் கைதிகள் முழுச் சுமையோடு அதில் ஏறி இறங்கவேண்டும், மறுபடி ஏறவேண்டும். பாண்டுக்கு வைத்த பொய்முடியைக் கழற்றிவிட்டு, வழுக்கை தெரியும் மண்டையோடு கானரி ஏறுவார். பின்னணி இசையே இல்லை. மணலில் பூட்ஸ் புதையும் சத்தம்தான். பாண்ட் உச்சத்தில் இருந்த நேரத்தில், விளம்பரத்துக்கு உதவாத இந்தப் படத்தில் நடிக்க அவருக்குத் துணிச்சல் இருந்தது. லூமெட்டோடு மொத்தம் ஐந்து படங்கள். 1973இல் வந்த 'தி அஃபென்ஸ்' இன்னும் இருட்டானது. மனம் சிதைந்த போலீஸ்காரர். ஓடவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இந்த இரண்டிலும்தான். பாண்டின் நிழலில் இவை மறைந்து கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கால்வாய் முடியும் இடத்தில் கடல் சட்டென்று திறந்துகொள்கிறது. தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீல நிழல்களாக நின்றன. கடைசி மதகின் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள்: 64 படிகள்

நேற்று இரவே எடின்பரோ திரும்பிவிட்டேன். இன்று சாயங்காலம் விமானம்.

காலையில் ஹோலிரூட். அரண்மனையும் நாடாளுமன்றமும் எதிரெதிரே. 1999 ஜூலை 1 அன்று, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்குப் பிறகு ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் திரும்பிய நாளில் கானரி வந்திருந்தார். சுதந்திர ஸ்காட்லாந்து வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி, அதைக் கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்குப் பணமும் கொடுத்தவர். ஆனால் குடியிருந்தது வெளிநாட்டில். வெளியே இருந்துகொண்டு பேசுகிறார் என்று இங்கே பலருக்குக் கோபம் உண்டு; அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. அடுத்த ஆண்டு ஜூலையில் எதிரே உள்ள அரண்மனையில் சர் பட்டம். லண்டனுக்குப் போகாமல் தன் ஊரிலேயே, அம்மா வழி மெக்லீன் குலத்தின் கட்டம்போட்ட கில்ட் உடுத்திக்கொண்டு வாங்கினார். எடின்பரோ தன் கௌரவக் குடிமகன் பட்டத்தை 1991இலேயே கொடுத்திருந்தது. 2020 அக்டோபர் 31 அன்று பஹாமாஸில், தொண்ணூறு வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவர் பெயரில் எடின்பரோ திரைப்பட விழாவில் 2024 முதல் 50,000 பவுண்டு பரிசு கொடுக்கிறார்கள்.

அறைக்குத் திரும்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார். "டீ போடலாம்னு பார்த்தா பால் தீர்ந்துடுச்சு. இருங்க, வாங்கிட்டு வந்துடறேன்."

"நீங்க இருங்கம்மா, நான் போறேன்" என்று இறங்கினேன்.

மூலைக் கடையில் இரண்டு லிட்டர் கேன் வாங்கிக்கொண்டு வந்தேன். தெருக்கதவு சாத்திக்கொண்டதும் படிக்கட்டில் குளிர்ந்த கல் வாசனை. மேலே கூரைக் கண்ணாடியிலிருந்து வெளிச்சம் கிணற்றுக்குள் விழுவதுபோல விழுந்தது. ஒரு வாரம் ஏறி இறங்கியும் இன்றைக்குத்தான் படிகளைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் அம்மிபோலத் தேய்ந்த ஒரு குழி. நூறு வருடத்துக்கு மேல் இதில் ஏறியவர்களின் கால் பட்ட இடம். கைப்பிடிச் சுவரிலும் தோள் உரசி வழவழப்பாகியிருந்தது. பால் கேனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குழிக்குள் காலை வைத்து ஏறினேன். இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. பள்ளிப் பையன் ஒருவன் பையை மாட்டிக்கொண்டு, மூன்று மூன்று படியாகத் தாவி என்னைக் கடந்து இறங்கி ஓடினான்.